இரண்டு ஊர்களில் ஒரு நோயாளி

இது நடந்தது எந்த வருடம் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. பதிவறையில் வேலை பார்த்தவர்கள் ஒரு வருடத்தைச் சொல்கிறார்கள், செவிலியர்கள் அதற்கு அடுத்ததைச் சொல்கிறார்கள், இதைச் சொல்பவரின் நினைவையும் முழுதாக நம்புவதற்கில்லை. கிழமை மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கடலிலிருந்து எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்த பெரிய மருத்துவமனையின் இதய வார்டில், ஆறாம் கட்டிலில் படுத்திருந்த பெண் கடல்நீர் சொட்டும் தலைமுடியோடு கண்விழித்தாள். பதினொரு நாட்களாக அவள் கட்டிலை விட்டு இறங்கியதே இல்லை. கால்விரல்களுக்கு நடுவே ஈர மணல் ஒட்டியிருந்தது. பணியில் இருந்த செவிலி தலையணை உறையை மாற்றினாள், மணலைத் துணியால் துடைத்தாள், கட்டிலில் தொங்கிய அட்டையில் காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு எழுபத்தெட்டு, தலைமுடியில் உப்பு என்று வரிசையாக எழுதிவிட்டு ஏழாம் கட்டிலுக்குப் போனாள்.

ஆறாம் கட்டிலில் இருந்தவள் அந்த மருத்துவமனையின் பதிவறை எழுத்தருடைய அக்கா. எழுத்தருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் கேட்டவர்கள் போய்விட்டிருந்தார்கள். மணி என்ன என்று கேட்டால்கூட முதலில் சன்னலைப் பார்ப்பார், பிறகு கடிகாரத்தை, பிறகு கேட்டவரை. மருத்துவமனையில் அவருக்கு யோசனை என்று பெயர். யோசனை வந்தாச்சா, யோசனை டீ குடிக்கப் போயிருக்கு என்று அவர் காதில் விழவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. அக்கா தையல்காரி. தம்பி பேசாமல் விட்ட பேச்சையும் சேர்த்து அவளே பேசித் தீர்த்துவிடுவாள். கணவனோடு ஒத்துப்போகாமல் அவள் திரும்பி வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அதில் இரண்டு அறைகள். ஒன்றில் தையல் மிஷின் ஓடும், மற்றதில் அவர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வந்தது. அறுவை செய்தால் தாங்கமாட்டாள், செய்யாவிட்டால் இரண்டு மாதம் என்று இதய டாக்டரம்மா அவரைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்திச் சொல்லியிருந்தார். அவர் சன்னலைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கத் தெரியவில்லை.

மாநிலத்தின் இருநூற்றுப் பதினாறு மருத்துவமனைகளையும் ஒரே வலைப்பின்னலில் இணைத்ததும் அந்தச் சமயத்தில்தான். அதற்கு முன்பெல்லாம் ஊர் மாறிய நோயாளி தன் நோயைப் புது டாக்டரிடம் பிறப்பிலிருந்து சொல்லவேண்டும். பழைய கோப்புகள் கயிறு போட்டுக் கட்டிய கட்டுகளாக, இரும்பு அடுக்குகளில் கூரை வரைக்கும் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. இணைப்புக் கொடுத்த முதல் வாரத்திலேயே சிறு சிறு விஷயங்கள் கம்பி வழியே வரத் தொடங்கின. மலை மேலிருந்த மருத்துவமனையில் ஒரு டாக்டர் யாருடைய பதிவையாவது திறந்தால், இங்கே கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்த அந்த ஆளின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பின் சில்லிப்பு பட்டது. அவர் நின்ற இடத்திலேயே மூச்சை இழுத்து, பிடித்து, மெதுவாக விட்டார். எதிரே வந்தவர்கள், எங்கேயோ பாக்கறாங்க போல, என்று ஒதுங்கி வழி விட்டார்கள். முடிதிருத்துபவர்கள் கத்தியை விலக்கிக்கொண்டு காத்திருக்கப் பழகினார்கள். வாத்தியார்கள் கரும்பலகையின் முன்னால் நாக்கை நீட்டி ஆ என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்கள். இது இணைப்பு நன்றாக வேலை செய்வதன் அடையாளம், யாரும் பதற வேண்டாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. யாரும் பதறவில்லை.

யோசனைக்குப் புதிய வேலை கொடுத்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு பதிவுகள் இருந்தால் அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் கணினித் திரையில் ஜோடி ஜோடியாகப் பதிவுகள் வந்து நிற்கும். கீழே ஒரே கேள்வி: இவர்கள் இருவரும் ஒருவரா? ஆம் என்றோ இல்லை என்றோ அழுத்தலாம். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பிறந்த தேதி தெரியாது என்று யார் வந்து நின்றாலும், சேர்க்கை மேசையில் இருந்தவர்கள் அந்தக் காலத்திலிருந்தே ஜூலை ஒன்று என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அதே வழக்கம்தான். ஜூலை ஒன்றாம் தேதி பிறந்தவர்களை மட்டும் திரட்டினால் ஒரு நகரத்தை நிரப்பலாம். யோசனைக்கு இது தெரியும். அதனால் அவர் பெயரையும் தேதியையும் நம்புவதே இல்லை. இரத்த வகை, தழும்பு, பழைய எலும்பு முறிவு, மருந்து ஒவ்வாமை என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். மற்ற எழுத்தர்கள் ஒரு நாளைக்கு இருநூறு ஜோடி பார்த்தால் அவர் நாற்பது பார்ப்பார். எட்டு மாதத்தில் அவர் கையில் ஒரு தவறும் நடக்கவில்லை.

அக்கா வார்டில் சேர்ந்த பத்தாம் நாள், திரையில் அவளுடைய பதிவு வந்து நின்றது. பக்கத்தில் கடற்கரை ஊர் மருத்துவமனையின் பதிவு ஒன்று: அதே பெயர், அதே ஜூலை ஒன்று, அதே இரத்த வகை, குடல்வால் எடுத்த தழும்பு. அக்கா இளவயதில் அந்தக் கடற்கரை ஊரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். முன்பின் தெரியாதவளின் பதிவாக இருந்திருந்தால் யோசனை அறுவை நடந்த வருடத்தைப் பார்த்திருப்பார், டாக்டரின் குறிப்பைப் பார்த்திருப்பார், அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரசவம் ஆகியிருப்பதைப் பார்த்திருப்பார். இது அக்கா. அவளைப் பற்றித் தேடிப் பார்க்க அவருக்கு என்ன இருக்கிறது? தன் வேலைக்காலத்தில் முதன்முறையாக யோசிக்காமல் ஆம் என்று அழுத்திவிட்டு, அவளுக்குச் சாப்பாடு ஊட்ட மாடியேறிப் போனார். அது திங்கட்கிழமை. மறுநாள் காலையில்தான் தலையணை நனைந்தது.

அதன் பிறகு அக்கா தேறினாள். வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் தாழ்வாரத்தில் கைப்பிடியைப் பற்றாமல் நடந்தாள். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, வால்வின் சுருக்கம் சரிபாதியாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார். மீதிப் பாதி எங்கே போனது என்று ஸ்கேன் அறையில் இருந்தவரிடம் கேட்டார். அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டாலே அலறுகிறவள், குளியலறையில் வாளிக்குள் முகத்தை அமிழ்த்தி ஒன்றரை நிமிடம் மூச்சுப் பிடித்தாள். ஆறாம் கட்டிலின் துணிகளை உலர்த்துவதற்காக மொட்டைமாடியில் தனிக் கொடி கட்டினார்கள். மாத முடிவில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஷினில் உட்கார்ந்து தைத்தாள். நூலை அறுத்த இடங்களில் எல்லாம் படகைக் கட்டும் முடிச்சு விழுந்தது. அவிழ்க்கவே முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் புகழ்ந்தார்கள். சாயங்காலம் நாலு மணியானால் மிஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். யாருக்காகப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தம்பி இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தின் எந்த நூலையும் அவர் இழுத்துப் பார்க்க விரும்பவில்லை.

மூன்றாம் மாதம் கடற்கரை ஊர் மருத்துவமனையின் பதிவறையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது அங்கே எழுத்தராக இருந்த ஒரு பெண்.

“சார், எங்க ஊர்ல படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. தெனம் காலையில கடல்ல நீந்திட்டுதான் வேலைக்கே வருவாங்க. இப்போ நாலு படி ஏறினா நிக்கறாங்க. டாக்டர் பதிவைத் திறந்து பாத்தா வால்வு சுருக்கம்னு இருக்கு, உங்க ஆஸ்பத்திரி முத்திரையோட. இன்னொண்ணு சார், சொன்னா சிரிக்காதீங்க. ஊசில நூல் கோக்கத் தெரியாதவங்க, இப்போ உக்காந்த எடத்துல படகுப் பாய்க்கெல்லாம் ஓரம் அடிக்கறாங்க.”

யோசனை சிரிக்கவில்லை. பதிவைத் திறந்து, மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரையின் மூலையில், பிரி என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அவரவர் நெஞ்சு அவரவரிடம் போய்விடும். அக்காவுக்கு இரண்டு மாதம். அழுத்தாவிட்டால், முகம் தெரியாத ஒருத்தி அவருடைய கைத்தவறைச் சுமந்துகொண்டு படியேறுவாள். அவர் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒன்பது நாட்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் வாய் திறக்காதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, ஒருத்தியைத் தவிர.

“என்னடா, ஒம்போது நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியற? யாராவது பொண்ணு குடுக்க வந்துட்டாங்களா?” என்று அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

அவர் சொன்னார். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் தொடர்ச்சியாக அவர் பேசியதில்லை. பாதியிலேயே மிஷின் நின்றுவிட்டது.

“அப்போ எவளோ ஒருத்தி படியில மூச்சு வாங்கிட்டு நிக்கறா. நான் இங்க ஜம்முனு உக்காந்து மிஷின் மிதிக்கறேன்.”

“ஆமாக்கா.”

“பிரிச்சு விடு.”

“பிரிச்சா நீ...”

“தெரியும்டா. டாக்டரம்மா கால்மாட்டுல நின்னு சொன்னப்போ நான் தூங்கறேன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும். வால்வுதான் சுருங்குச்சு, காது நல்லாத்தான் கேட்டுச்சு.” கத்தரிக்கோலை எடுத்து, எதையும் வெட்டாமல் கீழே வைத்தாள். “நாலு மணிக்கு நான் வாசலைப் பாக்கறேனே, யாருடா வரணும் எனக்கு?”

“அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு. பத்து வயசு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்.”

அக்கா அன்று சாயங்காலம் முழுவதும் பேசவில்லை. அந்த வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் மௌனமாக இருந்தது அதுதான் முதல்முறை. சுவர்கள் அதற்குப் பழகாமல், பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. விளக்கு போடும் நேரத்தில் அவள் வாய் திறந்தாள். “பிரிக்கறதுக்கு ஏதாவது ஃபாரம் இருக்குமில்ல, எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடறேன். அவகிட்டயும் வாங்கிட்டு வந்துடு.”

பதிவை இணைக்க எழுத்தரின் விரல் போதும். பிரிக்க நோயாளியின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை யோசனை பேருந்தில் எட்டு மணி நேரம் போனார். படகுத்துறையில் பயணிகள் வரிசையாக நின்றார்கள். கம்பித் தடுப்பின் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒருத்தி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. உருவத்தில் அக்காவின் சாயல் துளியும் இல்லை. வரிசையில் அவர் முறை வந்து, எப்படித் தொடங்குவது என்று அவர் கடலைப் பார்த்தபோது, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயா? வா. சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லை.”

“சாப்பிட்டிருக்க மாட்ட. மூணு மாசமா மத்தியானம் ஆனா யாரோ ஒருத்தன் சாப்பிடாம உக்காந்திருக்கான்னு எனக்கு எரிச்சலா வரும். யாருன்னே தெரியாம திட்டிட்டு இருந்தேன். உன்னைத்தானா?”

படகு போன பிறகு இருவரும் துறையின் மரப்பலகையில் உட்கார்ந்தார்கள். அவர் ஃபாரத்தை நீட்டினார், அக்காவின் நிலையையும் இரண்டு மாதக் கெடுவையும் மறைக்காமல் சொன்னார், தவறு தன்னுடையது என்றும் சொன்னார். அவள் ஃபாரத்தை இரண்டு முறை படித்தாள்.

“உங்கக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்க. திமிரப் பாரு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பாதி மூச்சு போதுமான்னு கேட்டா, போதாதுன்னுதான் சொல்லுவேன். போன மாசத்துலேர்ந்து தண்ணியில எறங்கறதில்ல. என் பொண்ணு தூங்கறப்போ என் நெஞ்சுமேல கைய வெச்சுக்கிட்டுத் தூங்கறா, நின்னுடுச்சான்னு பாக்க. உன்மேல கோவமா இருக்கு எனக்கு. ரொம்பவே.”

“தெரியுது.”

“ஆனா இதுல கையெழுத்துப் போட்டா அது என்ன கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்ல? ஒரு ஆளை அனுப்பி வைக்கிற கையெழுத்து. அதுவும் யாரை? அவங்களுக்கு எடது முழங்கால் வலிக்கிறது எனக்குத் தெரியும். உன்னை ரெண்டு வயசுல இடுப்புல தூக்கிட்டு நடந்தது தெரியும். நீ கனம்.” ஃபாரத்தில் வேண்டாம் என்ற கட்டத்தில் கோடு போட்டு, கீழே கையெழுத்திட்டு, அதை நான்காக மடித்து அவருடைய சட்டைப் பையில் செருகினாள். “போ. மொதல்ல சாப்பிட்டுப் போ.”

திரும்பும் பேருந்தில் யோசனை தன் மனத்தைத் தொட்டுப் பார்த்தார். அதில் சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் சந்தோஷம் குறையவும் இல்லை. எட்டு மணி நேரமும் இரண்டையும் தொடைக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு வந்தவரைப்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை இரண்டு ஃபாரங்களையும் தன் தவறை ஒப்புக்கொண்ட கடிதத்தையும் இயக்குநரின் மேசையில் வைத்தார். இயக்குநர் விதிப்புத்தகத்துக்கு வெளியே எதையும் நம்பாதவர். நோயாளி எண் ஒன்று. ஒரு ஃபாரம் பிரிக்கச் சொல்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நோயாளி ஒன்றுக்கொன்று முரணான விருப்பங்களைத் தெரிவித்தால், அவர் தெளிவான முடிவுக்கு வரும்வரை உள்ளது உள்ளபடி தொடரும் என்று அதில் இருந்தது.

“இந்த நோயாளி இன்னும் முடிவு பண்ணலை. உசிர் விஷயம், யாருக்கும் மனசு ரெண்டாத்தான் இருக்கும். நாம அவசரப்படுத்தக் கூடாது” என்றார் இயக்குநர். யோசனைக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். சொந்தக்காரர்களின் பதிவை எந்த எழுத்தரும் தொடக்கூடாது என்று புதிய விதி வந்தது.

ஃபாரத்தை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் வருடம் குளிர் கடுமையாக இருந்தது. படகுத்துறைக்காரி மூச்சுத் திணறலில் மூன்று வாரம் படுத்து, எரிச்சலோடு பிரி என்று எழுதி அனுப்பினாள். அதே நாள் இங்கே அக்கா, ஜவுளிக்கடையில் புது மிஷின் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்று எழுதினாள். எழுதிய பிறகு இரண்டு நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் வருடம் மறுபடி மாறியது. ஒரு வருடம்கூட இரண்டு ஃபாரங்களும் ஒத்துப்போகவில்லை. டாக்டரம்மாவும் கடற்கரை ஊர் டாக்டரும் பேசி வைத்துக்கொண்டு, காலை மாத்திரையை இங்கேயும் மாலை மாத்திரையை அங்கேயும் கொடுத்தார்கள். இரண்டும் இருவருக்கும் வேலை செய்தன. படகுத்துறைக்காரி மறுபடி தண்ணீரில் இறங்கினாள், இடுப்பளவு மட்டும். அந்த நாட்களில் அக்கா மிஷினை மிதிக்காமல் ஓய்வெடுத்தாள். அக்காவுக்குக் கல்யாண வீட்டுத் தையல் குவிந்த வாரங்களில் அங்கே முக்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். இதை அவர்கள் பேசி ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. ஆறாம் வருடம் ஒரு முறை, இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த ஒரு பேருந்து நிலையத்தில் சந்தித்தார்கள். ஒரு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குத் தெரியாததென்று மற்றவள் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கிளம்பும்போது அக்கா மட்டும், “உன் பொண்ணு கணக்குல மட்டம். நாலு மணிக்கு வந்ததும் உக்கார வை,” என்றாள். படகுத்துறைக்காரி, “உன் தம்பியை விடவா?” என்றாள். பேருந்துகள் வந்தன.

பதினான்காம் வருடம், வசந்த காலத்தின் ஒரு முற்பகலில், அக்கா மிஷினில் தலை சாய்த்தாள். அதே நேரத்தில், பத்து இருபதுக்கு, படகுத்துறைக்காரி ஒரு டிக்கெட்டைப் பாதி கிழித்த நிலையில் முக்காலியிலிருந்து சரிந்தாள். அந்த வருடத்து ஃபாரங்கள் இரண்டும் அதற்கு முந்தைய வாரம் தபாலில் வந்திருந்தன. இரண்டிலும் வேண்டாம் என்று இருந்தது. இயக்குநர் நோயாளி முடிவுக்கு வந்துவிட்டார் என்று கோப்பில் குறித்து முத்திரை வைத்தார். பதிவில் இறப்பு ஒன்று என்று ஏறியது. இரண்டு ஊர்களில் இரண்டு அடக்கங்கள் நடந்தன, இரண்டிலும் கூட்டம் இருந்தது. டாக்டரம்மா அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு மகனோடு வெளியூர் போனார். இயக்குநர் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார். படகுத்துறைக்காரியின் மகள் படித்து முடித்துப் படகு ஓட்டுகிறாள். கணக்கு இன்னும் வரவில்லை. யோசனை ஓய்வுக்குப் பிறகு கடற்கரை ஊரில் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார், அவள் அவரை மாமா என்று கூப்பிடுகிறாள். வலைப்பின்னலில் இப்போது முந்நூற்று நான்கு மருத்துவமனைகள் இருக்கின்றன, ஜூலை ஒன்று என்று எழுதும் வழக்கம் எல்லாவற்றிலும் தொடர்கிறது.